சேர்ந்து செய்தால் ஒன்பது நாளா?

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நான் நலம். முழங்காலைத் தனியாக விசாரித்தால் வேறு பதில் வரும். நீயும் நலம் என்று உன் கடிதம் சொல்கிறது, ஆனால் அதிலுள்ள கணக்கு நலமாக இல்லை. மாத முடிவில் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அப்பா காலமானதிலிருந்து அவருடைய புத்தக அலமாரிகள் ஒன்பதும் அப்படியே நிற்கின்றன, வந்து கைகொடு என்று கேட்டேன். அதற்கு நீ, "அம்மா, நீ தனியா அடுக்கினா பன்னண்டு நாள், நான் தனியா அடுக்கினா ஆறு நாள், சேர்ந்து செஞ்சா ஒன்பது நாள் ஆகும், எனக்கு லீவே ஆறு நாள்தாம்மா, பேசாம ஆள் வெச்சுக்கோ" என்று எழுதியிருக்கிறாய். நீ ஆறு நாளில் முடிக்கும் வேலையை நான் கூட நின்றதும் ஒன்பதாக இழுத்துவிடுவேனாம்! அப்படியானால் நீ அடுக்க அடுக்க நான் பின்னாலேயே கலைத்துக்கொண்டு வருகிறேன் என்று பொருள். பாலம் கட்டும் பொறியாளரான நீ இப்படிச் சராசரி போட்டால், அந்தப் பாலத்தில் நான் கால் வைக்க மாட்டேன். முப்பத்தோராண்டு கல்லூரியில் கணிதம் நடத்தியவளின் மகள் என்று தயவுசெய்து வெளியே சொல்லாதே.

நாட்களைக் கூட்டக் கூடாது, ஒரு நாள் வேலையைத்தான் கூட்ட வேண்டும். என்னுடையது பன்னிரண்டில் ஒரு பங்கு, உன்னுடையது ஆறில் ஒரு பங்கு, சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு. ஆக நான்கே நாள். ஆறு அலமாரி உனக்கு, மூன்று எனக்கு, விகிதம் இரண்டுக்கு ஒன்று. இவ்வகைக் கணக்குகளில் ஒருவர் பாதியில் விலகிப் போவதும் உண்டு. மீதியை மற்றவர் எத்தனை நாளில் முடிப்பார் என்று கேட்பார்களே தவிர, விலகியவர் எங்கே போனார் என்று எந்தப் புத்தகமும் கேட்டதில்லை. நானும் வகுப்பில் கேட்டதில்லை. நேற்று நான் வாய் திறந்தது ஒரே முறை. கீழ்வீட்டுத் தையல்காரர், "என்ன டீச்சரம்மா, பொண்ணு வரலியா, நம்ம ஆளுங்க ரெண்டு பேர் வந்தா அரை நாள்ல அள்ளிப் போட்டுடுவாங்க" என்றார். "அள்ளிப் போட அது ஒண்ணும் வெட்டுத்துணி இல்ல" என்றேன். அதற்குப் பின் இந்தக் கடிதத்தோடுதான் பேசுகிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் உண்டு. கணக்கில் வரும் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை. நாம் பேசுவோம், எதை வைப்பது எதைக் கொடுப்பது என்று சண்டையும் போடுவோம். அதற்கு எத்தனை நாள் என்று எனக்குப் போடத் தெரியவில்லை. நீண்ட ஆயுளும் நல்ல உடம்புமாக இரு. வருவதற்குச் சீட்டு எடு, திரும்புவதற்கு இப்போதே எடுத்துவிடாதே.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அம்மா