கம்பியில் கிழிந்த பாப்ளின் சட்டை

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு உங்கள் சட்டையை நான்தான் போட்டுக்கொள்கிறேன். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேல் வீட்டுக்காரர் சட்டையைப் போடுவதுதானே வழக்கம்? எனக்கு மட்டும் அது வெறும் வேலைச் சட்டையாக இல்லை.

காரியம் முடிந்ததுமே உங்கள் அம்மா எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டார். "செத்தவுக துணி வீட்டுல கெடக்கக் கூடாது ஆத்தா" என்றார். நான் இரண்டை மட்டும் உருவிக்கொண்டேன். ஒரு ஜீன்ஸ் சட்டை, ஒரு வெள்ளைப் பாப்ளின்.

அல்லிநகரத்து ஜவுளிக்கடையில் துணி கிழித்தே காலம் ஓட்டியவர் நீங்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். "ஜீன்ஸ்ல சாய்வா வரி ஓடுது பாரு. இழை வரிசைக்கு ஒண்ணு தள்ளித் தள்ளி ஏறி நெருக்கமா உக்காந்திருக்கு. லேசுல கிழியாது" என்பீர்கள். பாப்ளின் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று போகிற நெசவு. ஓரத்தில் கத்தரி வைத்து இழுத்தால் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிழியும். நான் சாட்டின் ரவிக்கை கேட்டபோது, "இழை நாலஞ்சு தாண்டி மெதக்குது, அதான் மினுக்குது. உன் வளையல் பட்டா இழுத்துரும்டி" என்று சிரித்தீர்கள். ஆனாலும் வாங்கி வந்தீர்கள்.

போன வாரம் திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டும்போது பந்தல் கம்பி பாப்ளின் சட்டையில் மாட்டியது. தெரியாமல் திரும்பிவிட்டேன். டர்ரென்று ஒரு சத்தம். நீங்கள் கடையில் துணி கிழிக்கிற அதே சத்தம், மாமா. சட்டென்று பின்னால் பார்த்தேன். யாரைத் தேடினேன்?

கூட வேலை செய்த புஷ்பம், "கையில கீறிருச்சாக்கா?" என்று ஓடி வந்தாள். நான் கிழிந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். காலையில் காணோம். தேடிப் போனால், அத்தை அதைத் தலையணையில் சுற்றி, முகம் புதைத்துப் படுத்திருக்கிறார்.

"தொவைச்சுத் தொவைச்சு நல்லா மெதுவாயிருச்சு ஆத்தா. இதுல படுத்தாத்தான் கண்ணு அசருது" என்றார்.

மூட்டை கட்டியதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் உங்களைப் பற்றிப் பேசினோம். "அவன் சின்னதுல சட்டையே போட மாட்டான், அம்மணமா ஓடுவான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

இனி அத்தையைத் தனியாக அழ விட மாட்டேன், மாமா. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்கள் அம்மாவுக்கு இனி மகளாகவும் இருக்கப்போகிற
உங்கள் மனைவி,
ஈஸ்வரி