ஃப்யூஸ் போன நிச்சயதார்த்தம்

என் ஆசை அண்ணனுக்கு,

நீ இருக்கிற இடத்தில் கரண்டு உண்டா, இல்லை அரிக்கேன் விளக்குதானா? இங்கே எங்கள் தெரு முழுக்க வந்துவிட்டது. போன வாரம் எதிர்வீட்டில் ஃப்யூஸ் போய், அந்த வீட்டுக்காரர் கையில் கம்பியோடு தெருவில் ஓடினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உன் நினைப்புதான்.

என் நிச்சயதார்த்தக் கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் மருமகள், என் மகள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "எழுதும்மா, எழுது" என்கிறாள். உன்னைப் பார்க்காதவள். அவளுக்காகத்தான்.

அப்போது தெப்பக்குளத்துப் பக்கம் கரண்டு விளக்கு எரிந்த வீடுகள் கொஞ்சம். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த நீ, அப்பாவிடம் மன்றாடி நம் வீட்டுக்கும் கரண்டு வாங்கினாய். அதற்குச் சற்று முன்புதான் ஒரு மாப்பிள்ளை வீட்டார், பல்லி சொன்னதில் ஏதோ சரியில்லை என்று என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். இந்தத் தடவை வீடு ஜொலிக்க வேண்டும் என்று வாசல், கூடம், கொல்லை எங்கும் பல்பு மாட்டினாய். "எம்புட்டுப் பல்புடா?" என்றார் அப்பா. "தங்கச்சி மொகம் தெரிய வேணாமாப்பா?" என்றாய்.

கொட்டாம்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். பொழுது அடைகிற நேரம். நான் தாம்பூலத் தட்டோடு கூடத்தில் கால் வைத்தேன். டப்பென்று ஒரு சத்தம். வீடே இருட்டு.

மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் பேசினார். "பொண்ணு கால் வச்சதும் வெளக்கு அணைஞ்சு போச்சே! இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? எந்திரிங்க, போவோம்."

ஆட்கள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. மறுபடியுமா?

அப்போதுதான் உன் குரல். "அத்தே, கொஞ்சம் உக்காருங்க. அணைஞ்சது என் தங்கச்சியால இல்ல, என்னால. அம்புட்டுப் பல்பு போட்டா ஒரு சின்னக் கம்பி எப்படித் தாங்கும்? ஃப்யூஸ் போயிருச்சு."

"பீஸு போச்சா? அப்படின்னா?"

"உருகிருச்சுன்னு அர்த்தம். லத்தீன்ல இருந்து இங்கிலீஷுக்கு வந்த வார்த்தை. ஊத்துறது, உருக்குறது ரெண்டுக்கும் அங்க ஒரே சொல்லு. கரண்டு அளவுக்கு மிஞ்சி வந்தா அந்தக் கம்பி தான் உருகி, வீட்டைத் தீப்பிடிக்காமக் காப்பாத்தும். வீட்டைக் காப்பாத்துறது கெட்ட சகுனமா அத்தே?"

"வெடிக்குத் திரி இருக்கே, அதையும் ஃப்யூஸுன்னுதான சொல்றாக?" என்று இருட்டுக்குள் ஒரு ஆண் குரல் கேட்டது.

கேள்வி கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் உன்னை யார் பிடிப்பது? "அது வேற வம்சம்! ராட்டையில நூல் நூக்குற கதிருக்கு லத்தீன்ல ஒரு பேரு உண்டு, அதுல இருந்து வந்தது. மருந்து அடைச்ச குழல் கதிர் மாதிரி இருந்துச்சாம். எழுத்து ஒண்ணு, பொறப்பு வேற."

"இது என்னய்யா கொழப்பம்!" என்றார் அத்தை.

"அதுக்குக் கன்ஃப்யூஸ்னு பேரு. அதுவும் உருக்குற வம்சம்தான். எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திட்டா எது எதுன்னு தெரியாதுல்ல? வேணாம்னு சொல்றது ரெஃப்யூஸ். ஊத்துனதைத் திருப்பி ஊத்துறது. நீங்க அதை மட்டும் செஞ்சிறாதீக அத்தே!"

முதலில் சிரித்தது அந்த ஆண் குரல்தான். பிறகு கூடமே சிரித்தது. "வாத்தியாரே, பேசுனது போதும், வெளக்கைப் போடுங்க. பொண்ணு மொகத்தைப் பாக்கணும்" என்றார் அத்தை. நீ பாதிப் பல்புகளைக் கழற்றிவிட்டுப் புதுக் கம்பி கட்டினாய். வெளிச்சம் வந்ததும் அந்தக் குரல் யாருடையது என்று பார்த்தேன். மாப்பிள்ளை! இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கல்யாணத்தைக் கண்ணாரப் பார்த்தாய். என் பிள்ளையைப் பார்க்கத்தான் அந்த விஷக்காய்ச்சல் உன்னை விடவில்லை. ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். அந்த இருட்டில் உனக்கும் பயமாக இருந்ததா அண்ணே? குரலில் தெரியவே இல்லையே.

சரி, இனி புதுச் சேதி. உன் மருமகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். சடங்கு முடிந்த கையோடு, பள்ளிக்கூடத்தை நிறுத்து என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர்கூடத் தயங்கினார். நான் முடியாது என்றேன். இப்போது எங்களோடு இருக்கும் அதே அத்தை என் பக்கம் வந்து நின்றார். "புள்ள நல்லாத்தான படிக்குது? போகட்டும்டா" என்று அவர் ஒரு அதட்டுப் போட்டதும் தயக்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

நானே அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலில் கையை உருவிக்கொண்டு, "நான் போறேம்மா, நீ வீட்டுக்குப் போ" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இனி யார் வந்து என்ன சொன்னாலும், அவள் போதும் என்கிற வரை படிக்க வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. எழுத எழுத எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், இந்த வரிக்கு மட்டும் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறாள்.

உன் தங்கச்சியும்,
நீ பார்க்காத உன் மருமகளும்