அடுப்பு எரியாத பத்தொன்பது நாட்கள்

அன்பு மகனே,

இது போதகருக்கு அல்ல, என் வயிற்றில் பிறந்தவனுக்கு எழுதுவது. நேற்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

இருபத்தொரு நாள் உபவாசம் இருக்கிறேன் என்று வீட்டில் அடுப்பையே பற்றவைக்கவில்லை. நீயும் பிரசங்கத்தில் புகழ்ந்தாய். ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

நேற்று, பத்தொன்பதாம் நாள், வீட்டு வேலைக்கு வருபவள் துணி துவைக்கும்போதே மயங்கி விழுந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, "என்னடி ஆச்சு?" என்று கேட்டேன்.

"இங்க போடுற மத்தியானச் சோறுதாம்மா எனக்குச் சாப்பாடு. நீங்களே சாமிக்காகப் பட்டினி கிடக்கும்போது நான் எப்படி வாயத் திறந்து கேட்பேன்?" என்றவள் சிரித்தாள். "நானும் உபவாசம் இருந்துட்டேன். மோட்சத்துல எனக்கும் ஓரமா ஒரு இடம் கொடுப்பாங்களாம்மா?"

உடனே அடுப்பைப் பற்றவைத்தேன். இருவரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வேலைக்கு வந்த பதினோரு வருடத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நேற்றுதான்.

இருபத்தொரு நாளையும் முடித்துவிட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை சபையின் முன் என்னைப் பாராட்டப் போகிறாயாமே. கூப்பிடு, வருகிறேன். ஆனால் நீ ஒன்றும் பேசாதே. மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, கீழே போய் எல்லோரோடும் உட்கார்ந்து கேள்.

உன்னைப் பெற்றவள்