இரண்டாவது டெஸ்ட்

கிளியூர்,
நவம்பர் 1995

அன்புள்ள மாமாவுக்கு சாந்தாமேரி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் நம் மகள் மரியசெல்வியும் சுகம். இனி என்னைத் தேடாதே என்று எழுதினீர்கள், விலாசம் எழுதவில்லை. உங்கள் அண்ணன்தான் மனசு கேட்காமல் ஓசூர் விலாசத்தைக் கொடுத்தார். அவரைக் கோபிக்காதீர்கள்.

சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்த அங்கப்பன் இப்போது கம்பூன்றி நடக்கிறார். “ஏனுங்கக்கா, எனக்கு ரத்தம் குடுக்க வந்த அண்ணனக் கண்ணுலயே காணமுங்களே?” என்று நேற்றும் கேட்டார். லீவில் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் ஓட்டிய எஸ்டேட் ஜீப்பை ஓட்ட ஆளில்லாமல், கணக்கெழுதும் ரைட்டர் திண்டாடுகிறார். காப்பிப் பழம் பழுத்துக் கிடக்கிறது.

சேலம் ஆஸ்பத்திரியில் உங்கள் ரத்தத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். எய்ட்ஸ் கிருமி என்ற பேச்சு வந்ததும் நீங்கள் எழுந்து வந்து, சில நாளில் வீட்டைவிட்டே போய்விட்டீர்கள். நான் உங்களைச் சந்தேகப்படவில்லை என்று எழுதினால் பொய். அழுது முடித்து, நீங்கள் விட்டுப்போன ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு நானே சேலம் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். “நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க ஊட்டுக்காரர் கிளம்பிட்டாரும்மா. ஒரு கெட்ட ரத்தம்கூடத் தப்பிடக் கூடாதுன்னு வெச்சிருக்கற டெஸ்ட் அது. சில சமயம் நல்ல ரத்தத்தையும் கெட்டதுன்னு காட்டிடும். அதனால அதே ரத்தத்த வேற டெஸ்ட்டுக்கு மெட்ராசுக்கு அனுப்பியிருக்கோம். அது வர்ற வரைக்கும் எதையும் முடிவு பண்ணாதீங்க” என்றார். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு இல்லை என்று வந்தது. ஆனால் அதை வைத்து உங்களுக்கும் இல்லை என்று சொல்ல முடியாதாம்.

மாமா, மெட்ராஸ் முடிவு நேற்று வந்துவிட்டது. உங்களுக்கு இல்லை!

இனி பயமே இல்லைங்களா என்று கேட்டேன். டாக்டரம்மா மறைக்கவில்லை. “புதுசாத் தொத்தியிருந்தா கொஞ்ச மாசத்துக்கு டெஸ்ட்ல தெரியாமப் போகலாம். எதுக்கும் மூணு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் இன்னொரு தரம் வாங்க. எனக்கு நம்பிக்கை இருக்கும்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நம்பிக்கை எனக்குப் போதும். சேர்ந்தே போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம்.

மரியசெல்வி ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடுகிறாள். அவளிடம், “அப்பா வந்துடுவாரு கண்ணு” என்று சொல்லிவிட்டேன். என் வார்த்தையைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. போவதற்கு முன்னால் உங்களுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்தீர்களே, அந்தத் தட்டையும் டம்ளரையும் மற்ற பாத்திரங்களோடு போட்டுக் கழுவி அடுக்கிவிட்டேன். மெட்ராஸ் முடிவு வருவதற்கு முன்பே செய்துவிட்டேன். எது உங்களுடையது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

மாதா உங்களைப் பத்திரமாக மலையேற்றிக் கொண்டுவரட்டும். பதில் எழுத வேண்டாம். நீங்களே வாங்க.

உங்கள்,
சாந்தாமேரி