சொன்னால் நம்பும் ஊர்

என் உசுரான அம்மாவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. நான் பின்லாந்துக்குத் திரும்பி, வேலைக்கும் போகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகை மட்டும் இன்னும் வரவில்லை.

"உலகத்துலயே சந்தோசமான நாடுன்னு டிவில சொல்றாங்களே, அங்க அப்படி என்னதான் கண்ணு இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். "குளிருதான்மா இருக்குது" என்று மழுப்புவேன். இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி மீனாட்சிபுரத்திலிருந்து கூப்பிட்டபோது நான் வார்டில் இருந்தேன். நீ மாட்டுக்கொட்டகையில் விழுந்து கிடந்தாய், உயிர் இல்லை என்றான். அப்படியே போய் எங்கள் ஹெட் நர்ஸிடம், "அம்மா இறந்துட்டாங்க" என்றேன். அவர் ஒரு காகிதமும் கேட்கவில்லை. "கிளம்பு. எப்போ முடியுதோ அப்போ வா" என்றார்.

விமானத்தில் உன் நினைப்புதான். அப்பா போன பிறகு, விதவைப் பென்ஷனுக்காக, மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதி வாங்க வருசா வருசம் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றாயே. ஒரு தடவை நானும் கூட வந்தேன். "ஏனுங்க, இந்த வயசுல நான் யாரைங்க கட்டிக்கப் போறேன்?" என்று அங்கிருந்த ஆபீசரிடம் கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்புறம் ஊடு வந்து சேரும்வரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாய்.

இங்கே சொன்னதை நம்புகிறார்கள் அம்மா. சந்தோசம் அதில்தான் இருக்கிறதோ என்னவோ. நம் பக்கத்திலும் அது இல்லாமல் இல்லை. நான் வந்தபோது உன்னை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் அதுவரை நம் மாடுகளைப் பக்கத்து ஊட்டு சரசக்காதான் கறந்திருக்கிறார். யாரும் சொல்லவில்லையாம், அவரும் எதுவும் கேட்கவில்லையாம். ஆபீஸ் வாசலைத் தாண்டித்தான் அந்த நம்பிக்கை உள்ளே போகமாட்டேன் என்கிறது.

சரி, நான் மட்டும் என்ன செய்தேன்? நீ போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில், "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது கண்ணு" என்றாய். நர்ஸ் நான். "வாயுவா இருக்கும்மா, சும்மா பயப்படாத" என்றேன். "அப்படித்தான் இருக்குமாட்ட" என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டேனா என்று கேட்டாய். எப்படி அம்மா, அவ்வளவு சுலபமாக என்னை நம்பினாய்?

நேற்று வார்டில் ஒரு பெரியவர் வலிக்கிறது என்றார். பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். அவர் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. இனி யார் சொன்னாலும் அப்படித்தான் உட்காருவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மூத்த மகள்,
செல்வி