ஹால் சுவருக்கு ஒரு நெபுலா

மார்ச் 8, சனி
மத்தியானத்திலிருந்து மழை. துணி எடுத்தாயிற்று. கார் கழுவவில்லை, மழையே கழுவட்டும்.

கவிதா கெடு வைத்துவிட்டாள். நாளை விட்டு அடுத்த ஞாயிறு அவள் அண்ணன் குடும்பம் பாகான் செராயிலிருந்து வருகிறது. "அதுக்குள்ள ஹால் சுவத்துல ஒங்க படம் ஏறலேன்னா, லைட் எரியுற நீர்வீழ்ச்சிப் படம் வாங்கிருவேன்லா." கல்யாணமானதிலிருந்து நான் எடுத்த படம் ஒன்றுகூட வீட்டுச் சுவரில் ஏறியதில்லை. இந்தத் தடவை விடுவதாக இல்லை.

கையில் இருப்பது ஓரியன் நெபுலா படம், நட்சத்திரங்களுக்கு நடுவே ஒளிரும் வாயு மேகம். போன வாரம் பத்து காஜா ஊர்ப் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில் (இப்போது செம்பனை) எடுத்தது. கவிதாவும் கூட வந்தாள், பாதி நேரம் கொசுவோடு சண்டை. படம் தேவலை. நிறம்தான் சோகை.

மார்ச் 9, ஞாயிறு
தோசை. பிறகு கம்ப்யூட்டர்.

நிறம் கூட்டுமுன் படத்தின் மேல் கருப்பு வெள்ளையில் ஒரு மாஸ்க். அதில் வெள்ளையான இடத்தில் நிறம் ஏறும், கருப்பில் ஏறாது. அவ்வளவுதான் விஷயம். அதையும் தலைகீழாகப் போட்டுவிட்டேன். நெபுலா சாம்பலாகவே கிடக்க, வானம் முழுக்கப் பச்சையும் ஊதாவும். கவிதா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, கலர் கலரா குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி?"

ரோஷம். சிரிப்பும்தான். மாஸ்க்கைத் திருப்பிப் போட்டு, ஓரங்களை மங்கலாக்கி, நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நெபுலா சிவந்தது, வானம் கருப்பாகவே நின்றது. அப்பாடா.

மார்ச் 12, புதன்
வேலை முடிந்து ஈப்போவில் பிரிண்ட் கடை. பால் பாக்கெட் வாங்க மறந்தேன்.

அடித்து வைத்திருந்த படத்தைக் கையில் வாங்கினேன். குங்குமம் கொட்டினது போல ஒரே சிவப்பு. கடை முதலாளி, சீன டவுக்கே, அவருக்கோ பெருமை. தமிழர் கல்யாண ஆல்பம், சாமி படம் எதுவானாலும் கேட்காமலே நிறம் கூட்டித்தான் அடிப்பாராம். எல்லாருக்கும் பிடிக்குமாம். மாஸ்க் போட்டு நான் காப்பாற்றிய கருப்பெல்லாம் போச்சு. கோபப்படவும் முடியவில்லை, மனுஷர் பிரியமாகச் செய்தது. விளக்கிச் சொன்னேன். "ஓக்கே லா, பாஸ்." நான் அனுப்பியபடியே இன்னொன்று அடித்தார். குங்குமப் படத்தையும் வைத்துக்கொள் என்றார்.

மார்ச் 16, ஞாயிறு
நல்ல வெயில். மச்சான் சாயங்காலம்தான் வருகிறார். கோழி ஊறுகிறது.

இரண்டு படத்தையும் சோபாவில் சாய்த்து வைத்தேன். கவிதா யோசிக்கவே இல்லை, குங்குமப் படத்தைத் தூக்கினாள்.

"ஹாலுக்கு இதுலா."

மனசு விட்டுப்போச்சு. அவள் மற்றதைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அன்னிக்குத் தோட்டத்துல இருட்டு இப்படித்தான இருந்துச்சு? இத நாம படுக்குற ரூம்ல மாட்டுங்க. நம்ம ரெண்டு பேரும் பாத்தது, வர்றவங்களுக்கு எதுக்குக் காட்டணும்?"

ரூம் ஆணியைத்தான் முதலில் அடித்தேன்.