சாட்சி சொல்ல வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? அப்பா வேளாவேளைக்கு மாத்திரை போடுறாங்களா?

போன செவ்வாய்க்கிழமை எங்க கிடங்குல ஒரு சரக்கு அடுக்கு சரிஞ்சுது. பயப்படாதீங்க, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது நான் நிக்கவேண்டிய இடம். வயித்துவலின்னு நான் உட்கார்ந்துட்டதால, என் கீழ்க்கட்டில்ல படுக்கிற பாட்டுக்காரன் எனக்குப் பதிலா போனான். அங்கேயே உயிர் போயிடுச்சு.

அன்னைக்குக் காலைல ரெண்டு பேரும் ஒண்ணா முழங்கால் போட்டு, ஒரே ஜெபத்தைப் பண்ணிட்டுத்தான் கிளம்பினோம்.

ஜெபக்கூட்டத்து அண்ணன் ரூமுக்கு வந்து என் தலைல கைவச்சார். "தம்பி, கர்த்தர் உன்னை ஒரு நோக்கத்தோட காப்பாத்தியிருக்கார். அவருக்கே மகிமை"ன்னார். பழக்கதோஷத்துல நானும் "ஆமென்"னுட்டேன். பாட்டுக்காரன் துண்டு இன்னும் ஈரமாக் கொடியில கிடந்தது. அப்போ அவனைப் படைச்ச நோக்கம் முடிஞ்சு போச்சான்னு கேட்க வாய் வரலை. அழுகையும் வரலை. பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி எல்லாம் மரத்துக் கிடக்கு.

ரெண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ் அனுப்புங்க. அப்பா போட்ட சட்டை ஒண்ணு, துவைக்காம அனுப்புங்க.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணு. தொலைஞ்ச சாவி கிடைச்சதுக்கே சபையில எழுந்து, கர்த்தர் செஞ்ச நன்மைன்னு சாட்சி சொன்னவங்க நீங்க. நான் பிழைச்சதுக்கு மட்டும் எழுந்திரிக்காதீங்கம்மா. நீங்க எழுந்து நிக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவும் ஏதோ ஒரு சபையில உட்கார்ந்திருப்பாங்க.

உங்க மகன்